பிரஸ்ஸல்ஸ் பீர் கடையில் ஒரு மாலை



சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக்கடை, பார்... பெயர் எதுவானாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று 1979இல் என் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். நாற்பத்தைந்து வருஷம் அதைக் காப்பாற்றினேன். போன அக்டோபரில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் அந்த வாசலை மிதித்துவிட்டேன். வாக்கை உடைத்தேனா, கொஞ்சம் வளைத்தேனா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மகன் அங்கே நாலு வருஷமாக வேலையில் இருக்கிறான். பேத்தி பிறந்திருந்தாள். நானும் மனைவியும் மூன்று மாதம் தங்கப் போயிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குழந்தை தூங்கியதும், "அப்பாவை ஒரு நடை கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்று மருமகள் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள். டிராமில் ஏறி ஊரின் பெரிய சதுக்கத்துக்குப் போனோம். கிராண்ட் பிளாஸ் என்கிறார்கள். நான்கு பக்கமும் பொன் பூசிய கட்டிடங்கள். 1695இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை பீரங்கியால் சுட்டு அந்தச் சதுக்கத்தைத் தரைமட்டமாக்கியதாம். அதன் பிறகு ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் போட்டி போட்டுக்கொண்டு தன் வீட்டை முன்பைவிடப் பெரிதாகக் கட்டிக்கொண்டது. அதில் ஒன்றின் உச்சியில் குதிரை மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோட வீடு தெரியுமாப்பா? பீர் காய்ச்சறவங்க சங்கம். இன்னிக்கும் அவங்க கையிலதான் இருக்கு" என்றான் மகன்.

கோயிலும் அரண்மனையும் இருக்கவேண்டிய இடத்தில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவன் கேட்டான்.

"அப்பா... உங்க முன்னாடி ஒண்ணு குடிக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்கப் பிடிக்கலை."

அவனுக்கு வயது முப்பத்தாறு. அவன் குடிப்பான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நம் வீடுகளில் இதைப் பேசுவதில்லை. கேட்டுவிட்டானே என்று கோபம் வரவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே என்றுதான் இருந்தது. "வா" என்றேன்.

சதுக்கத்தை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை. வாசலில் இரண்டு படி. நான் எதிர்பார்த்தது வேறு. நம் ஊர் கடையை நினைத்துக்கொண்டு, மூக்கைப் பிடிக்கத் தயாராகத்தான் படி ஏறினேன். உள்ளே மர பெஞ்சுகள், சுவர் முழுக்கப் பழைய விளம்பரத் தகடுகள், ஒரு மூலையில் வயதான தம்பதி, அவர்கள் காலடியில் ஒரு நாய். பக்கத்து மேசையில் அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் படிக்கும் பையன். யாரும் கத்தவில்லை, யாரும் விழவில்லை. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது என்று மகன் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு வரவில்லை.

பரிமாறும் பெண் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மெனுதான். எங்கள் ஆலையின் ஆண்டறிக்கை அந்த கனம் இருக்கும். ஒவ்வொரு பீருக்கும் ஒரு தனி கிளாஸ். ஒன்று தாமரை மொட்டு போல, ஒன்று பூசைக் கிண்ணம் போல, இன்னொன்று அடிக்கட்டையில் மட்டும் நிற்காமல் மரச்சட்டத்தில் தொங்குகிறது. எனக்கு எலுமிச்சை போட்ட சோடா சொன்னோம். மகன் கருப்பு நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கினான். அதன் மேல் பெரிதாக '10' என்று இருந்தது. ரோஷ்ஃபோர் என்ற மடத்துப் பீர்.

"பத்து சதவீதமா?" என்றேன்.

"இல்லப்பா, பதினொன்னுக்கு மேல."

"அப்ப பத்துங்கறது என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு மண்டைக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் லேப் கெமிஸ்டாக இருந்தவன். அரவைப் பருவம் முழுக்க, மணிக்கு மணி கரும்புச்சாற்றின் பிரிக்ஸ் பார்ப்பதும் பிஹெச் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அன்றிரவு வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தப் பத்து, பெல்ஜியத்தில் முன்பு வழக்கத்தில் இருந்த ஓர் அடர்த்தி அளவையிலிருந்து வந்தது. நொதிக்க விடுவதற்கு முன் தானியச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதன் கணக்கு. நாங்கள் கரும்புச்சாற்றில் பார்ப்பதை அவர்கள் பார்லிச் சாற்றில் பார்க்கிறார்கள். எங்கள் பிரிக்ஸ் அளவையே, பிராகு நகரத்து பாலிங் என்பவர் போட்ட அட்டவணையை ஜெர்மானியரான பிரிக்ஸ் திருத்தி அமைத்ததுதான். பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் பிளேட்டோ அளவையும் அதே அட்டவணையின் இன்னொரு திருத்தம். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னொன்றையும் அப்போதுதான் படித்தேன். பிஹெச் என்ற அளவையை உலகத்துக்குக் கொடுத்தவர் சோரன்சன். வருஷம் 1909. இடம், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை நடத்திய ஆய்வகம். ஆலைக்குள் வெற்றிலைகூடப் போடாத நான், தினமும் ஒரு பீர் ஆலையின் கண்டுபிடிப்பை வைத்துத்தான் சோறு தின்றிருக்கிறேன்.

அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். மடத்துப் பீர் என்றேன் இல்லையா? டிராப்பிஸ்ட் என்ற பிரிவுத் துறவிகள் அதைக் காய்ச்சுகிறார்கள். கத்தோலிக்கர்களில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. துறவி தன் கையால் உழைத்து அதில்தான் சாப்பிட வேண்டும் என்பது அதில் முக்கியமானது. சில மடங்கள் பாலாடைக்கட்டி செய்தன, சில பீர் காய்ச்சின. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பல மடங்கள் அழிந்தன. ஓர்வால் மடம் 1793இல் எரிந்து, நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் இடிபாடாகவே கிடந்தது. 1926இல் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். கட்டுமானச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று 1931இல் ஒரு பீர் ஆலையைத் தொடங்கினார்கள். வெஸ்ட்மல்லே மடம் 1836இலிருந்தே காய்ச்சுகிறது. ஷிமே 1862இலிருந்து.

இந்தப் பெயரைப் பலரும் திருடிக்கொள்வதைப் பார்த்து 1997இல் மடங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஒரு முத்திரையும் கொண்டுவந்தன. மடத்துச் சுவருக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை இருக்க வேண்டும், வருகிற பணம் மடத்தின் தேவைக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆகெல் என்ற மடத்தில் கடைசித் துறவிகளும் போய்விட்டதால் 2021இல் அதன் பீர் அந்த முத்திரையை இழந்தது. பீர் அப்படியே இருக்கிறது, துறவிதான் இல்லை. இன்று பெல்ஜியத்தில் அந்த முத்திரை ஐந்து மடங்களுக்கு இருக்கிறது.

"இதுல சர்க்கரை போடறாங்கப்பா" என்று மகன் பாட்டிலின் முதுகைக் காட்டினான். உண்மைதான். பெல்ஜியத்தின் கனமான பீர்களில் பலவற்றில் சர்க்கரையோ கருகக் காய்ச்சிய பாகோ சேர்க்கிறார்கள். ஆனால் கரும்புச் சர்க்கரை அந்த மண்ணில் ஏது? அது பீட் கிழங்குச் சர்க்கரை. நெப்போலியன் இங்கிலாந்தோடு வணிகத்தைத் தடுத்தபோது கடல் வழி வரும் கரும்புச் சர்க்கரை நின்றுபோக, ஐரோப்பா கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கக் கற்றுக்கொண்டது. பீரில் சர்க்கரை சேர்த்தால் ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும். சாராயச் சத்து ஏறும், ஆனால் நாக்கில் கனக்காது. கெட்டியாகத் தெரியாமலே ஏறும் பீர் அது.

ஏன் இவ்வளவு கனமாகக் காய்ச்சினார்கள் என்று தேடியபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. அந்தக் கதைக்குள் ஒரு மதுவிலக்குச் சட்டம் இருந்தது.

எமில் வாண்டர்வெல்டே என்று ஒரு சோஷலிஸ்ட் தலைவர். பெல்ஜியத் தொழிலாளர் கட்சியின் முன்னணி ஆள். முதல் உலகப் போர் முடிந்ததும் நீதித்துறை அமைச்சர் ஆனார். 1919 ஆகஸ்டில் அவர் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. பொது இடங்களில், அதாவது கடையில் உட்கார்ந்து, யெனேவர் போன்ற காய்ச்சி வடித்த மதுவைக் குடிக்கக் கூடாது. யெனேவர் என்பது தானியத்திலிருந்து வடிக்கும் அவர்கள் ஊர்ச் சாராயம். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். இந்த இரண்டு லிட்டரில்தான் சட்டத்தின் சூட்சுமம். ஒரு கூலிக்காரன் கையில் ஒரே நேரத்தில் இரண்டு லிட்டருக்குக் காசு இருக்காது. பணக்காரனுக்கு எந்தத் தடையும் இல்லை.

பீருக்கும் ஒயினுக்கும் சட்டம் கை வைக்கவில்லை. சுருக்கென்று ஏறுவதற்குப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? கடைக்காரர்கள் கனமான பீர் கேட்டார்கள். பெல்ஜியத்தில் இன்று கிடைக்கும் எட்டு, ஒன்பது, பத்து சதவீத பீர்களுக்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். போருக்குப் பின் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து பீர்களின் மேல் அங்கே ஒரு மோகம் இருந்தது. டூவெல் என்ற புகழ்பெற்ற பீருக்கான ஈஸ்டே ஸ்காட்லாந்திலிருந்து வந்ததுதான். முதலில் போர் வெற்றியின் பெயரை வைத்தார்கள். 1923இல் 'சாத்தான்' என்ற பொருளில் டூவெல் ஆக்கினார்கள். எப்படியோ, குடியைக் குறைக்க வந்த சட்டத்தின் நிழலில் உலகத்தின் மிகக் கனமான பீர்களில் சில வளர்ந்தன. 1983இல் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. அதே 1983இல்தான் நம் ஊரில் டாஸ்மாக் பிறந்தது. இது தற்செயல்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்தவன் சும்மா தூங்கிவிட முடியாது.

வாண்டர்வெல்டேக்கு ஏன் சாராயத்தின் மேல் அவ்வளவு கோபம்? பின்னோக்கிப் போக வேண்டும். 1886 மார்ச்சில் லியேஜ் நகரத்தில் தொடங்கி, பெல்ஜியத்தின் நிலக்கரி, இரும்புப் பகுதிகளில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவம் சுட்டது. பலர் செத்தார்கள். அதன் பிறகுதான் தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று விசாரிக்க அரசு ஒரு குழு போட்டது. வெளியே வந்த விஷயங்களில் ஒன்று இது: பல இடங்களில் கூலியைச் சாராயக்கடையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். மேஸ்திரியோ அவன் வீட்டாரோதான் கடை நடத்துகிறவர்கள். கூலி வாங்க வந்தவன் குடிக்காமல் எழுந்து போனால் அடுத்த வாரம் வேலை இருக்குமோ இருக்காதோ. 1887 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது.

இந்த வரியைப் படித்ததும் நான் லேப்டாப்பை மூடி வைத்தேன்.

என் அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமை சாயந்திரம் கூலி. மேஸ்திரி கூலி கொடுக்கும் இடம், சாராயக்கடைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சு. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுக்க வந்து, 1971 வரை இருந்தது. 1971இல் கடை திறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்கு முன் அப்பா குடிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு அரிசி வந்தது. 1971க்குப் பிறகு, சனிக்கிழமை சாயந்திரம் அம்மா என்னை அந்த டீக்கடைக்கு அனுப்புவாள். "அப்பா பக்கத்துல போய் நில்லு. ஒண்ணும் பேசாதே. நின்னா போதும்" என்பாள். நான் நிற்பேன். சில வாரம் அப்பா என்னைப் பார்த்துவிட்டுப் பாதிப் பணத்தை என் கையில் திணிப்பார். சில வாரம் பார்க்காத மாதிரி கடைக்குள் போய்விடுவார்.

1974இல் கடைகளை மறுபடி மூடினார்கள். அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். இரண்டு மாதத்தில் அப்பாவுக்குச் சவுக்குத்தோப்பின் வழி தெரிந்துவிட்டது. அங்கே காய்ச்சியதில் என்ன போட்டார்களோ. 1978இல் காமாலை வந்து, வயிறு வீங்கிச் செத்துப் போனார். நாற்பத்தேழு வயது. அடுத்த வருஷம் எனக்கு ஆலையில் வேலை கிடைத்தது. ஆர்டரை அம்மா காலடியில் வைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

இதெல்லாம் மகனுக்குத் தெரியாது. "தாத்தா காமாலைல போனார்" என்றுதான் சொல்லி வளர்த்திருந்தேன். அதில் பொய் இல்லை.

மறுவாரம் அதே கடைக்கு நானேதான் அவனைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஆச்சரியம். அன்றைக்கு அவன் வெளிர் மஞ்சளாக, மங்கலாக ஒன்று வாங்கினான். மூக்கருகே கொண்டுவந்து, "இதுல என்ன வாசனை சொல்லுங்க" என்றான். எனக்கு உடனே பிடிபட்டது. ரசத்துக்கு வறுக்கும் கொத்தமல்லி விதை. கோதுமை, கொத்தமல்லி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சும் ஹூகார்டன் ஊர்ப் பீர் அது.

அதன் கதையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்து, வெடிமருந்துத் தேவைக்காக ஆலைகளின் செம்பு அண்டாக்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அண்டா போன ஆலை மறுபடி எழவில்லை. பிழைத்தவற்றை இரண்டாம் போரும், பிறகு பெரிய கம்பெனிகளின் பளபளப்பான லேகர் பீரும் விழுங்கின. ஹூகார்டன் ஊரின் கடைசிக் கோதுமைப் பீர் ஆலை 1957இல் மூடியது. அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பியர் செலிஸ், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். சின்ன வயதில் ஆலையில் கூடமாட வேலை செய்திருக்கிறார். எல்லோரும் அந்தப் பழைய ருசிக்கு ஏங்குவதைப் பார்த்து, 1960களின் நடுவில் தானே காய்ச்சத் தொடங்கினார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1985இல் ஆலை தீப்பிடித்தது. காப்பீடு போதவில்லை. பெரிய கம்பெனியின் பணம் உள்ளே வந்தது. கடைசியில் ஆலையே கைமாறியது. செலிஸ் அமெரிக்கா போய் 1992இல் டெக்சாஸில் புதிய ஆலை திறந்தார். 2011இல் காலமானார்.

அந்தப் பெரிய கம்பெனி வளர்ந்து வளர்ந்து இன்று உலகத்தின் மிகப் பெரிய பீர் கம்பெனியாக இருக்கிறது. தலைமையகம் லூவன், பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். 2005இல் அது ஹூகார்டன் ஆலையை மூடிவிட்டு வேறு ஊரில் காய்ச்சப்போவதாக அறிவித்தது. ஊரே தெருவுக்கு வந்தது. 2007இல் முடிவை மாற்றிக்கொண்டார்கள். இன்று கிராஃப்ட் பீர் என்று உலகம் முழுக்கச் சின்னச் சின்ன ஆலைகள் முளைக்கின்றனவே, அவற்றின் முன்னோடிகளில் இந்தப் பால்காரரும் ஒருவர். இன்னொருவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை. இங்கிலாந்துப் பத்திரிகையாளர். 1977இல் உலகப் பீர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பெல்ஜியத்துப் பீர்களை வெளியுலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்.

"கடைசியா ஒண்ணு இருக்குப்பா. இது இந்த ஊர்லதான்" என்று மகன் ஒரு பாட்டில் வாங்கினான். ஷாம்பெய்ன் பாட்டில் போல தக்கை அடைத்திருந்தது. லாம்பிக் என்ற வகை. பல வயது லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க விட்டால் அதற்கு கூஸ் என்று பெயர். கிளாஸில் ஊற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கள். எங்கள் ஊர்ப் பனங்கள்ளின் வாசனை. புளிப்பும், ஈர மரமும், கொஞ்சம் மாட்டுத்தொழுவமும்.

இதில் ஒரு வேதியியல் உண்டு. உலகத்தில் பெரும்பாலான பீர் ஆலைகள் வளர்த்தெடுத்த ஈஸ்டைப் போடுகின்றன. லாம்பிக்கில் யாரும் எதையும் போடுவதில்லை. கொதித்த சாற்றை மாடியில் அகலமான, ஆழம் குறைந்த செம்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, இரவு முழுக்க ஆற விடுகிறார்கள். காற்றிலும் கூரையிலும் இருக்கும் கிருமிகள் தாமாக வந்து இறங்கும். அதனால் குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்ச முடியும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருஷம். பிரஸ்ஸல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற ஆலையை மறுநாள் போய்ப் பார்த்தோம். அங்கே சிலந்தி வலையைக்கூட அடிப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளுமாம். இந்த வாசனைக்குக் காரணமான ஈஸ்ட் இனத்தின் விஞ்ஞானப் பெயரிலேயே பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது. நம் வீட்டில் இட்லி மாவில் யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? பனம்பாளையில் கலயத்தைக் கட்டினால் அது தானாகக் கள்ளாகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். நாங்களும் ஆலையில் கரும்புச்சாறு கெடாமல் தெளிய அதே சுண்ணாம்பைத்தான் போடுவோம்.

அந்தக் கிளாஸை நான் குடிக்கவில்லை. முகர்ந்தேன், வைத்தேன். பிறகு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை பெஞ்சு, சவுக்குத்தோப்பு, எல்லாம். அவன் கிளாஸைத் தொடவே இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். இதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கரும்பாகு மொலாசஸ். ஆலையின் பின்புறத் தொட்டியில் நிற்கும். அரசு அதிகாரி வந்து சீல் வைப்பார். கணக்குப் பார்த்து டேங்கர் லாரியில் ஏற்றுவார்கள். போவது பெரும்பாலும் சாராய வடிப்பாலைக்கு. நம் ஊர்க் கடையில் பிராந்தி, விஸ்கி, ரம் என்று எந்தப் பெயரில் விற்றாலும் பெரும்பாலும் அடியில் இருப்பது இந்தப் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான். அதில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு சாராயம் தேறும் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். குவார்ட்டர்ஸில் என்னோடு இருந்தபோது ஒருநாள் அம்மா லாரிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இந்தக் கருப்புப் பாகு எங்கடா போவுது?"

"மாட்டுத் தீவனத்துக்கும்மா" என்றேன்.

கொஞ்சம் தீவனத்துக்கும் போனது. அதனால் அதையும் முழுப்பொய் என்று சொல்ல முடியாது. அம்மா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கடை வாசலை மிதிக்காதவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க வேற என்ன சொல்லியிருக்க முடியும்பா" என்றான். பில்லுக்குப் பணம் வைத்தான். முக்கால் கிளாஸ் கூஸ் அப்படியே இருந்தது. பரிமாறும் பெண் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது என்றான்.

இந்த வயதில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன். வாண்டர்வெல்டே சட்டத்தை இன்று பெல்ஜியத்தில் பீர் ரசிகர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். நம் ஊரிலும் மூடுவதா, திறப்பதா என்றுதான் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். 1887இன் அந்தச் சின்னச் சட்டத்தை யாரும் பேசுவதில்லை. கூலி கொடுக்கும் இடமும் குடிக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால், கடையை மூடச் சொல்வதற்கு முன், அந்தப் பெஞ்சை இரண்டு தெரு தள்ளிப் போடச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே நின்றவன் என்ற முறையில் எனக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "என்ன இது, கள்ளு வாசனை அடிக்குது?" என்றாள். சோபாவில் உட்கார்ந்து, முதலிலிருந்து அவளுக்கும் சொல்லத் தொடங்கினேன்.